மேற்கோள்களின் கணக்கும் மருத்துவ ஆய்வின் மதிப்பும்

மருத்துவ அறிவியலில் ஒருவர் பேராசிரியர் பதவிக்கோ ஆய்வு நிதிக்கோ விண்ணப்பித்தால், தேர்வுக் குழுவின் மேசைக்கு வரும் கோப்பில் முதலில் கண்ணில் படுவது சில எண்கள்தாம். மொத்தம் எத்தனை கட்டுரைகள், அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு, கட்டுரைகள் வெளிவந்த இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு. ஒருவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதும் நான்கு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. குழுவினருக்கு நேரம் குறைவு, விண்ணப்பங்கள் ஏராளம், விண்ணப்பித்தவரின் நுண்துறை குழுவில் பாதிப் பேருக்குப் பழக்கமில்லாதது. எனவே எண்களை வைத்து வரிசைப்படுத்துவது எளிதாகவும் நடுநிலையாகவும் தோன்றிவிடுகிறது.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்ற கேள்வி எல்லா அறிவியலுக்கும் பொது. ஆனால் மருத்துவத்தில் அதற்குக் கனம் அதிகம். இங்கே ஒரு நல்ல ஆய்வு கவனிக்கப்படாமல் போனாலும், ஒரு மோசமான ஆய்வு கொண்டாடப்பட்டாலும், அதன் விளைவு நோயாளியின் படுக்கைவரை போய்ச் சேரும். மேற்கோள் கணக்கைத் தடயமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணக்கு தொடங்கிய விதம்

மேற்கோள்களை முறையாகத் தொகுக்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1955இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் அறிவியலுக்கு ஒரு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்றார். முன்மாதிரி அவருக்குச் சட்டத் துறையிலிருந்து கிடைத்தது. ஒரு தீர்ப்பு பிறகு எந்தெந்த வழக்குகளில் எடுத்தாளப்பட்டது, ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று காட்டும் ஷெப்பர்டு தொகுப்புகளை அமெரிக்க வழக்கறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பயன்படுத்திவந்தார்கள். அதே வசதி ஆய்வாளருக்கும் இருந்தால், தவறென்று நிரூபிக்கப்பட்ட கட்டுரையை அறியாமல் நம்பி எழுதும் ஆபத்து குறையும் என்பது அவருடைய வாதம்.

1960இல் ஃபிலடெல்ஃபியாவில் அவர் நிறுவிய அறிவியல் தகவல் நிறுவனம் அந்தப் பத்தாண்டின் முற்பகுதியிலேயே சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டது. அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யத் தன் சகா இர்விங் ஷெருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கருவிதான் இம்பாக்ட் ஃபேக்டர். 1975 முதல் இதழ்களின் இந்த எண் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளிவந்தது. இதழ்களைத் தேர்ந்தெடுக்கப் பிறந்த எண்ணைக் கொண்டு தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று கார்ஃபீல்டே பலமுறை எச்சரித்திருக்கிறார். 2004இல் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் வந்தபின் யாருடைய மேற்கோள் எண்ணிக்கையையும் ஒரு நொடியில் பார்த்துவிடலாம் என்றானது. பார்ப்பது எளிதானதும் எச்சரிக்கை மறந்துபோயிற்று.

பட்டியலில் என்ன இருக்கிறது

எண்களுக்குப் போகுமுன் வெளியீட்டுப் பட்டியலையே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உயிர்மருத்துவக் கட்டுரைகளில் பெயர்கள் நிற்கும் இடத்துக்குப் பொருள் உண்டு. ஆய்வைக் கையால் செய்தவர் பெரும்பாலும் முதல் ஆசிரியர். ஆய்வகத்தை நடத்துபவர் கடைசி ஆசிரியர். நடுவில் இருப்பவர்களில் புள்ளியியல் கணக்குப் போட்டவரும் இருப்பார், மாதிரிகள் அனுப்பி உதவியவரும் இருப்பார், துறைத் தலைவர் என்பதால் மட்டும் சேர்க்கப்பட்டவரும் இருப்பார். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு யார் ஆசிரியர் என்பதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல். நான்கும் பொருந்த வேண்டும். நடைமுறையில் மரியாதைக்குப் பெயர் சேர்ப்பது இன்னும் நின்றபாடில்லை. மேற்கோள் கணக்கு இவர்கள் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போடுகிறது.

கட்டுரைகளிலும் வகைகள் உண்டு. ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு, பல்லாண்டு நடந்த மருந்துச் சோதனை, பிறர் ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு, சிகிச்சை வழிகாட்டி எல்லாமே பட்டியலில் ஒவ்வொரு வரிதான். மதிப்பாய்வுகள் மூல ஆய்வுகளைவிட அதிகம் மேற்கோள் பெறுகின்றன. உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெருங்கூட்டுத் திட்டங்களின் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிடுகிறார்கள். அதில் ஒருவராக இருந்தால் ஆயிரக்கணக்கான மேற்கோள்கள் அவர் கணக்கில் ஏறிவிடும்.

தமிழ் ஆய்வாளர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர் எழுதும் நம் வழக்கத்தை, குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் தரவுத்தளங்கள் புரிந்துகொள்வதில்லை. ஒரே ஆள் ஓரிடத்தில் அப்பா பெயராலும் இன்னோரிடத்தில் தன் பெயராலும் பதிவாகி இரண்டாகப் பிரிந்துகிடப்பார். வேறிடத்தில் ஐந்து எஸ். குமார்கள் ஒரே ஆளாகச் சேர்ந்துகிடப்பார்கள். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் எண் இதைச் சரிசெய்ய உதவுகிறது. ஆனால் பழைய கட்டுரைகளை அவரவர் உட்கார்ந்து சேர்த்தால்தான் உண்டு.

மேற்கோள் எதை அளக்கிறது

இதுவரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை எவை என்று 2014இல் நேச்சர் இதழ் ஒரு பட்டியல் வெளியிட்டது. முதலிடம் ஆலிவர் லௌரியும் சகாக்களும் 1951இல் எழுதிய கட்டுரைக்கு. ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்வது அது. அதன் மேற்கோள்கள் 3,00,000ஐத் தாண்டியிருந்தன. இரண்டாம், மூன்றாம் இடங்களும் புரதம் தொடர்பான செய்முறைகளுக்கே. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தை அறிவித்த கட்டுரை முதல் 100இல் இல்லை. லௌரியே தன் கட்டுரையை ஒரு பெரும் படைப்பாகக் கருதவில்லை.

இதில் முரண் எதுவும் இல்லை. மேற்கோள் அளப்பது பயன்பாட்டை. ஒரு செய்முறையை ஆயிரம் ஆய்வகங்கள் பின்பற்றினால் ஆயிரம் கட்டுரைகள் அதைச் சொல்லும். ஓர் அடிப்படை உண்மை பாடநூலுக்குள் போய்விட்டால் அதைச் சொல்ல யாரும் மூலத்தைக் காட்டுவதில்லை. மேலும், புற்றுநோய் உயிரியலில் எழுதுவோர் பெருங்கூட்டம், குழந்தை அறுவை சிகிச்சையில் எழுதுவோர் சிறு கூட்டம். இரு துறையினரின் மேற்கோள்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு அடிப்படையே கிடையாது.

இரண்டு எண்களின் உட்புறம்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் ஹெச்-இண்டெக்ஸை முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள்கள் பெற்றிருந்தால் அவருடைய இண்டெக்ஸ் 20. கணக்கு எளிது, எண் ஒன்றே ஒன்று. அதனாலேயே அது உலகெங்கும் பரவியது.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 20 கட்டுரைகள் எழுதினார், ஒவ்வொன்றுக்கும் சரியாக 20 மேற்கோள்கள். மொத்தம் 400, இண்டெக்ஸ் 20. இரண்டாமவர் எழுதியது 5 கட்டுரைகள். ஒன்று ஒரு நோயின் காரணத்தையே கண்டுபிடித்தது, அதற்கு 5,000 மேற்கோள்கள். மற்ற நான்குக்கும் தலா 100. மொத்தம் 5,400, இண்டெக்ஸ் 5. இரண்டாமவர் இனி அந்த 5 கட்டுரைகளுக்கு எத்தனை லட்சம் மேற்கோள்கள் பெற்றாலும் இண்டெக்ஸ் 5ஐத் தாண்டாது. சீராக எழுதிக்கொண்டே இருப்பவரை இந்த எண் உயர்த்தும், ஒரே ஒரு பெருங்கண்டுபிடிப்பைச் செய்தவரை அமுக்கும். வயது ஏற ஏற எண் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே இளையவரையும் மூத்தவரையும் இதைக் கொண்டு ஒப்பிட முடியாது. தன் எண்ணால் எதிர்பாராத தீய விளைவுகள் நேரலாம் என்று ஹிர்ஷே 2020இல் எழுதினார்.

இம்பாக்ட் ஃபேக்டரின் கணக்கு வேறு. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. சராசரியின் குறை எல்லாம் இதற்கும் உண்டு. நேச்சர் இதழ் 2005இல் தன் தலையங்கத்தில் தன் கணக்கையே வெளிப்படையாக வைத்தது: அதன் இம்பாக்ட் ஃபேக்டருக்கு அடிப்படையான மேற்கோள்களில் 89 சதவீதம் வந்தது 25 சதவீதக் கட்டுரைகளிலிருந்து. படிகவியல் இதழான ஆக்டா கிறிஸ்டல்லோகிராஃபிகா ஏ-யின் எண் 2008இல் சுமார் 2ஆக இருந்தது, 2009இல் கிட்டத்தட்ட 50க்குத் தாவியது. காரணம் ஒரே ஒரு கட்டுரை. ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். அந்த ஆண்டு அதே இதழில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு 25 மடங்கு மேம்பட்டுவிடவில்லை. ஆயினும் அவர்களுடைய தன்விவரக் குறிப்புகளில் அந்த எண் ஏறியிருக்கும்.

1959: கல்கத்தாவும் சேத்துப்பட்டும்

எண்கள் தவறவிடும் மதிப்பைக் காட்ட 1959ஆம் ஆண்டின் இரண்டு இந்தியக் கட்டுரைகளே போதும்.

முதலாவது சம்புநாத் டே எழுதியது. காலராக் கிருமியை 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதிசெய்தபின் 70 ஆண்டுகளுக்கு மேலாக, அந்தக் கிருமி மனிதரை எப்படிக் கொல்கிறது என்பது தெளிவாகவில்லை. கல்கத்தாவில் நோயியல் பேராசிரியராக இருந்த டே 1953இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனைகளிலும் நூலால் கட்டி, அந்த வளையத்துக்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை ஊசியால் செலுத்தினார். ஒரு நாள் கழித்து வயிற்றைத் திறந்து பார்த்தால் அந்த வளையம் நீர் கோத்துப் புடைத்திருந்தது. கிருமியே வளராத திரவம் செலுத்திய வளையம் அப்படியே தட்டையாகக் கிடந்தது. 1959இல் அடுத்த அடியை வைத்தார். கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. கிருமி வெளியே சுரக்கும் நஞ்சுதான் குடலிலிருந்து நீரைக் கறக்கிறது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. அவர் ஒருவர் பெயரில் நேச்சர் இதழில் வந்த சிறு கட்டுரை அது.

முதல் சில ஆண்டுகளில் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. காலரா நஞ்சைப் பிரித்தெடுக்கும் வேலை வேகமெடுத்த 1960களின் பிற்பகுதியில்தான் மேற்கோள்கள் ஏறத் தொடங்கின. அவருடைய முயல்குடல் முறை குடல்நோய் ஆய்வகங்களின் அன்றாடக் கருவியாயிற்று. காலராவில் குடற்சுவர் சிதைவதில்லை, நீர்தான் போகிறது என்ற புரிதல், இழந்த நீரையும் உப்பையும் வாய்வழியே கொடுத்துக் காப்பாற்றலாம் என்ற சிகிச்சைக்கு அறிவியல் பின்புலம் ஆயிற்று. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் டேயின் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தவர். இந்தியாவிலோ டே உயிரோடிருந்தவரை எந்த தேசிய அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் 1985இல் இறந்தார். மறு ஆண்டில் காலரா ஆய்வுகளின் மேற்கோள் வலையை வரைந்து, அதில் டேயின் இடத்தை எடுத்துக்காட்டி விரிவாக எழுதியவர் வேறு யாருமில்லை, யூஜின் கார்ஃபீல்டுதான். மேற்கோள் கணக்கு நன்றாகச் செய்யக்கூடிய வேலை இது: காலம் கடந்தாலும் கடனை அடையாளம் காட்டுவது. ஆனால் 1962இல் ஒரு தேர்வுக் குழு அதே கணக்கைப் பார்த்திருந்தால் டேயைத் தள்ளியிருக்கும். மேற்கோளுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையில் பத்து ஆண்டு இடைவெளி விழலாம், பதவி உயர்வுக் குழுக்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

இரண்டாவது கட்டுரை சென்னையில் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அப்போது காசநோய் என்றால் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு என்பதுதான் சிகிச்சை. நாட்டில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு எந்த மூலைக்கும் போதாது. மையம் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் சார்பில்லாமல் இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார் சானட்டோரியத்தில் தங்கினார்கள். மறு சாரார் நெரிசலான தங்கள் வீடுகளில், கிடைத்த உணவை உண்டு, அதே மாத்திரைகளை ஓராண்டு சாப்பிட்டார்கள். முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இது உலகக் காசநோய்க் கொள்கையையே திருப்பிப் போட்டது. ஏழை நாடுகளின் நோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி பிறந்தது.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த அந்த நீண்ட கட்டுரையின் ஆசிரியர் இடத்தில் தனிமனிதர் பெயர் கிடையாது, மையத்தின் பெயர்தான் இருக்கிறது. வாலஸ் ஃபாக்ஸ் போன்ற வழிகாட்டிகளும், வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த செவிலியர்களும், கபத்தைப் பரிசோதித்த ஆய்வகப் பணியாளர்களும் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரை யாருடைய ஹெச்-இண்டெக்ஸிலும் ஏறாது. 20ஆம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வுகளில் தமிழ்நாட்டில் நடந்த மிகப் பெரிய காரியத்துக்கு இன்றைய கணக்கில் தனிமனிதருக்கு மதிப்பெண் பூஜ்யம்.

சுப்பாராவின் பட்டியல்

எல்லப்பிரகட சுப்பாராவ் பீமவரத்தில் 1895இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1925இல் அவர் வெளியிட்ட, பாஸ்பரஸை நிறம் கொண்டு அளக்கும் முறை உயிர்வேதியியலில் மிக அதிகம் எடுத்தாளப்பட்ட செய்முறைகளில் ஒன்று. அந்த ஒரு கட்டுரையை வைத்துப் பார்த்தால் மேற்கோள் கணக்கு அவருக்கு நியாயம் செய்திருக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லி நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரானது. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசைன் வந்தது. ரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் 1947-48இல் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின் வந்தது. அதன் உறவு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படுகிறது. இந்தச் சாதனைகள் பலவற்றின் கட்டுரைகளில் முன்னே நிற்பது பிறர் பெயர். 1948இல் அவர் இறந்தார். யானைக்கால் நோய் ஒழிப்புக்காகத் தமிழகக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர் கையில் வைத்து விழுங்கச் சொன்ன மாத்திரையை எந்த மேற்கோள் தளமும் எண்ணுவதில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. உயிர்வேதியியலாளர் கட்டலின் கரிக்கோவை 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பதவியில் இறக்கியது. அவருடைய எம்ஆர்என்ஏ ஆய்வுக்கு நிதி கிடைக்காததே காரணம். ட்ரூ வைஸ்மனுடன் அவர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, உடலின் எதிர்ப்பைத் தூண்டாதபடி எம்ஆர்என்ஏவை மாற்றும் வழியைச் சொன்னது. அப்போது அது பரபரப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. கோவிட் தடுப்பூசிகள் அதன்மேல் எழுந்தன. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிழைக்கும் மேற்கோள் உண்டு

நல்லதைத் தவறவிடுவது ஒரு குறை. கெட்டதை உயர்த்திவிடுவது அதைவிட ஆபத்து. எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. அதை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் மறுப்பதற்காகவே காட்டினார்கள். எண்ணிக்கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அல்சைமர் நோய்க்கு ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு புரத வடிவமே காரணம் என்ற 2006ஆம் ஆண்டு நேச்சர் கட்டுரை ஏறக்குறைய 2,500 மேற்கோள்கள் பெற்றது. படங்கள் திருத்தப்பட்டிருந்தது தெரியவந்து 2024இல் திரும்பப் பெறப்பட்டது.

ஜெர்மனிய மயக்கவியல் நிபுணர் ஜோவாகிம் போல்ட்டின் கதை இன்னும் வேதனையானது. அவருடைய கட்டுரைகளில் 200க்கு மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. தீவிர சிகிச்சையில் ரத்த அளவைக் கூட்ட ஏற்றப்படும் ஹைட்ராக்சிஎதில் ஸ்டார்ச் திரவம் பாதுகாப்பானது என்ற கருத்துக்கு அவருடைய ஆய்வுகள் பெரிய தூணாக இருந்தன. 2013இல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வு அவருடைய 7 சோதனைகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, அந்தத் திரவம் மரணத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் அதிகரிப்பது தெரிந்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனை அனுமதியை நிறுத்திவைத்தது. வெளியீட்டுப் பட்டியல் நீளமாக இருந்ததால் கேள்வி கேட்கப்படாத ஒருவரை நம்பி, எத்தனையோ படுக்கைகளில் அந்தத் திரவம் ஏற்றப்பட்டது.

விதியும் சந்தையும்

எண்ணைப் பதவியோடு கட்டினால் எண்ணை உற்பத்திசெய்யும் தொழில் பிறக்கும். இந்திய அனுபவமே இதற்குச் சான்று. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை இந்திய மருத்துவக் கவுன்சில் நிபந்தனையாக்கியது. பிறகு வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகளில் இணைப் பேராசிரியராக 2 கட்டுரைகளும் பேராசிரியராக 4 கட்டுரைகளும் கேட்கப்பட்டன. காலையிலிருந்து புறநோயாளிகள் வரிசை, பிற்பகலில் வகுப்பு, இரவில் அவசரப் பிரிவு என்று ஓடும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர் ஒருவருக்கு ஆய்வுக்கு நேரமோ, நிதியோ, புள்ளியியல் உதவியோ இல்லை. கட்டுரை மட்டும் வேண்டும். இந்த இடைவெளியில்தான் பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் கடை விரித்தன. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

மேற்கோளையும் உற்பத்தி செய்யலாம். உலகின் அதிகம் மேற்கோள் பெற்ற சுமார் 1,00,000 ஆய்வாளர்களின் தரவை ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு 2019இல் வெளியிட்டபோது, அதில் குறைந்தது 250 பேருக்குப் பாதிக்கு மேற்பட்ட மேற்கோள்கள் தாங்களோ தங்கள் கூட்டாசிரியர்களோ காட்டியவையாக இருந்தன. இந்தச் செய்தியை எழுதிய நேச்சர் முதலில் எடுத்துக்காட்டியது சென்னைத் தனியார் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரை. அவருக்கு அந்த அளவு 94 சதவீதம். தன் முந்தைய ஆய்வைச் சுட்டுவது தவறல்ல. தொடர் ஆய்வில் அது தேவையும்கூட. ஆனால் ஒருவரை அவரும் அவர் நண்பர்களும் தவிர வேறு யாருமே படிக்கவில்லை என்றால், அந்த எண்ணுக்கு அறிவுலகில் மதிப்பில்லை. கட்டுரைகளைக் காசுக்குத் தயாரித்துக் கொடுக்கும் ஆலைகளின் விளைவாக 2023இல் மட்டும் உலகம் முழுவதும் 10,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை.

திருத்த முயற்சிகள்

2012 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் செல் உயிரியலாளர்களின் கூட்டத்தில் உருவான டோரா பிரகடனம், தனிமனிதரை மதிப்பிட இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னது. 2015இல் வந்த லெய்டன் அறிக்கை 10 நெறிகளை வகுத்தது. எண்கள் நிபுணரின் மதிப்பீட்டுக்குத் துணை நிற்கலாமே ஒழிய அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது அவற்றில் முதன்மையானது. சீனா 2020இல் கட்டுரைகளுக்குப் பணப்பரிசு தரும் வழக்கத்துக்குத் தடை போட்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் பணிநியமனத்திலிருந்து இம்பாக்ட் ஃபேக்டரை நீக்கிவிட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016இல் வெளியிட்ட ஒப்பீட்டு மேற்கோள் விகிதம், ஒரு கட்டுரையை அதன் சொந்தத் துறையோடு ஒப்பிடுகிறது. 1 என்றால் அந்நிறுவனங்களின் நிதியில் வந்த கட்டுரைகளின் இயல்பான நிலை. எண்களில் இது ஓரளவு நியாயமானது. இதுவும் காலத்தால் பிந்திய மதிப்பை முன்கூட்டிச் சொல்லாது.

இந்தியாவிலும் அசைவு தெரிகிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குமுன் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கைவிட்டது. இதழ்களுக்கான கேர் பட்டியலையும் 2025இல் நிறுத்தியது. அதே ஆண்டு கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை வந்தது. எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்த அமைப்பு மோசடிக்குத் தண்டனையும் கொடுக்கத் தொடங்கியிருப்பது நல்லதுதான். ஆனால் இவையும் எண் சார்ந்த திருத்தங்களே. கட்டுரையை யார் படித்துப் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எப்படிப் படிக்க வேண்டும்

மருத்துவ ஆய்வாளர் ஒருவரை மதிப்பிடும் பொறுப்பில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை தெளிவானவை. விண்ணப்பதாரரே தன் முழுப் பட்டியலிலிருந்து ஐந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தான் செய்தது என்ன, அதனால் மாறியது என்ன என்று ஒரு பத்தி எழுதித் தரட்டும். குழுவில் குறைந்தது இரண்டு பேர் அந்த ஐந்தையும் முழுக்கப் படிக்கட்டும். மேற்கோள் எண்ணைப் பார்க்கும்போது துறையையும் வயதையும் கட்டுரை வகையையும் சேர்த்துப் பார்க்கட்டும். சுயமேற்கோளைக் கழித்துவிட்டு எண்ணட்டும். முக்கியமான கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் பத்துப் பேர் எதற்காகக் காட்டினார்கள் என்று திறந்து பார்க்கட்டும், பயன்படுத்தினார்களா, மறுத்தார்களா, பேருக்குச் சுட்டிவிட்டுப் போனார்களா என்று தெரிந்துவிடும். மூலத் தரவும் சோதனைத் திட்டமும் பொதுவில் இருக்கின்றனவா, பிறர் அதே முடிவை அடைந்திருக்கிறார்களா என்று கேட்கட்டும். இறுதியாக, சிகிச்சை வழிகாட்டியிலோ, அரசுத் திட்டத்திலோ, ஒரு வட்டார மருத்துவமனையின் நடைமுறையிலோ அந்த ஆய்வு எங்காவது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று தேடட்டும்.

இதற்கு நேரம் ஆகும். ஒருவரின் முப்பதாண்டுப் பணியைப் பற்றி முடிவெடுக்க ஒரு நாள் செலவிடுவது அதிகமில்லை. கட்டுரை எழுதாமலே நன்றாகப் பாடம் நடத்தும், நோயாளியைக் கவனிக்கும் மருத்துவ ஆசிரியருக்கு வேறு வழியில் பதவி உயர்வு தர வேண்டும். ஆய்வு செய்ய விரும்புபவருக்குக் கட்டுரை கேட்பதற்குமுன் நேரமும் நிதியும் தர வேண்டும். அப்படிச் செய்தாலே போலி இதழ்களின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் குறைந்துவிடுவார்கள்.

மேற்கோள் அட்டவணை மனிதர் உருவாக்கிய நல்ல கருவிகளில் ஒன்று. மறக்கப்பட்டிருந்த சம்புநாத் டேயை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்குண்டு. அதை உருவாக்கியவர் விரும்பியபடி, எதைப் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துவோம். படிக்காமலே தீர்ப்புச் சொல்ல அதைப் பயன்படுத்துவதைத் தேர்வுக் குழுக்களும் பல்கலைக்கழகங்களும் மருத்துவ ஆணையமும் இன்றோடு நிறுத்த வேண்டும்.